படங்கு முடிச்சு

லுணுகலை,
12.08.2001

அன்பு மருமகள் யசோதினிக்கு, தாய்மாமன் அழகர் கைப்பட எழுதுவது. அந்தப் பாலைவன வெயிலிலும் உன் உடம்பு வாடாமல் இருக்க மாரியம்மா துணை.

அம்மா காரியத்துக்கு வர முடியலையே என்று அழுது எழுதியிருந்தாய். ஒரு குறையும் இல்லை தாயி. டவுன் கடையெல்லாம் பூட்டிவிட்டு வந்தார்கள். ஆயிரம் பேர் இருக்கும். உன் சித்தப்பா கந்தப்பன் இருநூறு என்பான், அவனுக்கு எண்ணத் தெரியாது. தப்பு மேளச் சத்தம் பதுளைக்கே கேட்டிருக்கும்.

அம்மா கவனமில்லாமலா இருந்தாள் என்று கேட்டாயே. இல்லை. அன்றைக்குத் தேயிலைப் பெக்டரியில் ஆள் குறைவு. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நின்றவளை, பெக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் கூட்டிப் பெருக்கக் கூப்பிட்டார். மலையிலிருந்து வந்த கோலத்திலேயே, இடுப்பில் படங்கோடு போனாள். செடி கிழிக்காமல், அட்டை ஏறாமல் இருக்க அந்தச் சாக்குத் துணியை நம்ம பொம்பளைகள் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்குவார்களே, அதேதான். ரோலர் மிஷின் ஓட ஓடவே அடியில் சிந்தின கொழுந்தைக் கூட்டுவது தினம் நடக்கிறதுதான். யாரும் நிறுத்தினதில்லை. பெல்ட் படங்கு நுனியைப் பிடித்தது. முடிச்சு அவிழவில்லை.

விசாரணையில் தோட்டத்துப் பெரிய துரை ‘கவனக்குறைவு’ என்று எழுதப் பார்த்தார். நான் மேசையில் அடித்து இங்கிலீசிலேயே பேசினேன். துரைக்கு வேர்த்துவிட்டது. அஞ்சாம் வகுப்புதானே மாமா என்று சிரிக்காதே, கோபம் வந்தால் எனக்கு எல்லாப் பாஷையும் வரும். எல்லாரும் தினமும் செய்கிறதை, ஒருத்தி செத்த பிறகு அவள் தப்பு என்பீங்களா என்று கேட்டேன். பொம்பளைகளும் மலைக்குப் போகாமல் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வார்த்தையை வெட்டிவிட்டார்கள்.

இப்போது பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்தாயிற்று. படங்கை வாசலிலேயே அவிழ்த்து வைக்க வேண்டும். மிஷின் நின்ற பிறகுதான் விளக்குமாறு. முதல் நாள் அது நின்றபோது எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம்.

உன் எஜமானி வீட்டில் இறைச்சி அரைக்கிற மிஷின் நீதான் கழுவுகிறாய் என்று அங்கேயிருந்து லீவில் வந்த ஸைனப் சொன்னாள். கழுவும் முன்னே வயரைப் பிடுங்கிவிடு. சுணக்கம் என்று அந்தம்மா ஏசினால் ஏசட்டும், வாங்கிக்கொள். கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு நானே வந்து நிற்பேன். முழு ஆளாக வந்து இறங்கு தாயி.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அழகர் மாமா