உன் பக்கத்து ஆப்பு

என் தூங்குமூஞ்சி மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில் பஸ் உண்டா? உண்டென்றால் ஜன்னலோரம் மட்டும் உட்காராதே. போன வருசம் புதுக்கோட்டையிலிருந்து வரும்போது அப்படித்தான் சாய்ந்துகொண்டாய். வல்லத்திராக்கோட்டை வந்ததும், "எந்திரிடா, ஒன்னத் தூக்கிட்டுப் போக ஆளா வச்சிருக்கு?" என்று உன் காதைப் பிடித்துத் திருகினேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டாம் தடவை திருகியபோதுதான் காது சில்லென்று இருந்தது தெரிந்தது.

சரி, அதை விடு. சேதி சொல்லத்தான் எழுதுகிறேன்.

நிறுத்திவைத்திருந்த பழைய ரயில் பாதையில் மறுபடியும் வண்டி விடப்போகிறார்கள். பாலங்களைப் பழமை மாறாமல் சரிசெய்கிற வேலை நம் ஆட்களுக்கு வந்திருக்கிறது. சிமெண்டு கூடாதாம், சுண்ணாம்புக் காரைதான். கம்மாயிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாரியின் மேல் ஒரு கல் வளைவு பிளந்து கிடந்தது. அடியில் மரச்சட்டம் கொடுத்து, கல்லைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். கட்டுகிறவரை எனக்குப் பயமில்லை. கட்டிய பிறகு அந்தச் சட்டத்தை இறக்க வேண்டுமே!

பாரமெல்லாம் இரண்டு பக்கமும் செருகிய ஆப்புகளில் நிற்கும். இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தளர்த்தினால்தான் வளைவு தன் பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் முந்தினால் கல் நம் தலையைத் தேடி வரும். நடுவில் முட்டுமரங்கள் காடாக நிற்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால்தானே நாம் ஏசிக்கொள்வோம்? நீ என்னை ஏசிவிட்டு ஒரு தட்டு, நான் உன்னை ஏசிவிட்டு ஒரு தட்டு. மேலே நிற்பவர்களுக்கு அது கூத்து. நமக்கோ ஏச்சு வராவிட்டால் அந்தப் பக்கம் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

இப்போது அந்தப் பக்கம் யார் போவது?

"நான் போறேண்ணே" என்றாள் உன் பெண்டாட்டி.

காரை குழைக்க வந்தவள், எனக்கென்று மிச்சமிருக்கிற ஒரே தங்கச்சி. உன்னைப் பஸ்ஸில் பறிகொடுத்தாயிற்று. செல்வியையும் அந்தக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன்? பயத்தை மறைக்க எனக்குக் கேலிதானே தெரியும். "ஒங்கையிக்கு டீ கிளாசே நழுவும். போ, போயி எல்லாத்துக்கும் டீ வாங்கியா" என்றேன்.

"இத்தன பாலத்துலயும் ஒங்க ரெண்டு பேரு ஏச்சையும் கேட்டு வளந்த காதுண்ணே இது. வேற யாருக்கு மனப்பாடம்?"

காரையைச் சுரண்டிப் பார்த்த இன்ஜினியர் தம்பி, நன்றாக இறுகிவிட்டது, பயப்பட வேண்டாம் என்றார். தாளத்துக்குத் தான் விசில் ஊதுவதாகவும் சொன்னார். நல்ல மனுசன்.

"வேணாம் சார்" என்றாள் செல்வி. "நீங்க விசிலடிச்சா, அங்கிட்டு இருக்குறவுக உசுரோட இருக்காகளான்னு எப்புடித் தெரியும்?"

இறங்கினோம். அவள்தான் ஆரம்பித்தாள். "அத்த பெத்த ஆந்த! ஒம் மொகரையப் பாத்துத்தான் கம்மா வத்துச்சு!" டொக். அச்சு அசலாக உன் ஏச்சு.

அடுத்தது என் முறை. நான் உன்னைத்தானே ஏச வேண்டும்? போய்ச்சேர்ந்தவனை, அவன் பெண்டாட்டி காதுபட எப்படி ஏசுவது? சுத்தியலை ஓங்கியபடியே நின்றேன். சட்டம் முனகியது. சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று கழுத்தில் கொட்டியது.

"ஏசுண்ணே! என்னையவா ஏசுற, அவுகளத்தான! தட்டு!"

ஏசினேன் மச்சான். "கல்யாணத்தன்னிக்கு வேட்டி அவுந்தவனே!" டொக்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அழுகிறாளா? கல் நழுவிவிட்டதா? அன்றைக்கு உன் காதைப் பிடித்த அதே விரல்கள்தான் இப்போது சுத்தியலைப் பிடித்திருந்தன. இரண்டாம் தடவையும் எனக்குத் தாமதமாகத்தான் தெரியப்போகிறதா?

"அந்த வேட்டிய ஒழுங்கா முடிஞ்சுவிடாத மாப்புளத் தோழன் யார்ரா, மாங்கா மடையா!" டொக்.

பிறந்ததிலிருந்து அவள் என்னை 'டா' போட்டதில்லை. கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டது எனக்கு. நீ வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

அப்படியே ஏசி ஏசி இறக்கினோம். சட்டம் விலகியது, கல் நின்றது. மேலே கைதட்டினார்கள். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயம் தீர்ந்ததா என்று கேட்பாய். எங்கே தீர்கிறது? நாளைக்கு ஒற்றை இன்ஜின் மட்டும் மெதுவாக மேலே போகுமாம். ஆப்பு தட்டிய இருவரும் கீழே நின்று கல்லில் கைவைத்து அதிர்வு பார்ப்பதுதானே நம் வழக்கம்? "அவுக பக்கம் நாந்தான் நிப்பேன்" என்று அவள் இப்போதே சொல்லிவிட்டாள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எந்தப் பாலத்துக்கு அடியிலும் உன்னை ஏசாமல் விடமாட்டேன். நாளைக்கு வண்டி தலைக்கு மேல் போகும்போதும் ஏசுவேன். அவள் பதில் வருகிறவரை கல்லிலிருந்து கையை எடுக்கமாட்டேன். நீயும் அங்கிருந்து கொஞ்சம் காதைக் கொடு. சத்தியமாகத் திருகமாட்டேன்.

இப்படிக்கு,
உனக்கு வேட்டி முடிந்துவிடத் தெரியாத மாப்பிள்ளைத் தோழன்,
உன் செல்வியின் அண்ணன்