பதினாலு எம்பி விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

அக்காவின் விளக்குக் கடையில் சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள். வேலை, கடையின் இணையதளத்துக்குப் படங்களைத் தயார் செய்வது. பதவிக்கு என்ன பெயர் வைப்பது என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை. மாமா முடிவு செய்துவிட்டார்: "சும்மா இருக்கறவன்."

நான் வரும்வரை தளத்தைப் பார்த்துக்கொண்டவர் அக்காவின் புருஷனாகிய இந்த மாமாதான். பார்த்துக்கொண்ட லட்சணம் இது: போட்டோகிராபர் கொடுத்த நாற்பத்திரண்டு படங்களையும் கேமராவிலிருந்து இறங்கிய கோலத்திலேயே ஏற்றியிருக்கிறார். ஒவ்வொன்றும் பதினாலு எம்பி. முதல் விளக்கு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முடிப்பதற்குள் நான் பல் தேய்த்துவிட்டு வந்துவிட்டேன்.

"மாமா, இத்தனை பெருசா யாராவது ஏத்துவாங்களா?"

"பெருசா இருந்தாத்தானேடா தெளிவா தெரியும்?"

படத்தின் அகலம் ஐயாயிரத்துச் சொச்சம் பிக்ஸல். பார்ப்பவர் கையில் இருப்பதோ உள்ளங்கை அளவு போன். இவரிடம் என்னத்தைச் சொல்ல.

மார்ச் 5, புதன்

ஒரு விளக்கை மட்டும் செய்து பார்த்தேன். அகலம் ஆயிரத்து இருநூறு, தரம் எழுபது. பதினாலு எம்பி நூற்று நாற்பது கேபி ஆனது. போனில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னடா, என் விளக்குக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?"

நிறத்தை இணையத்துக்கு ஏற்ற வகைக்கு மாற்றிச் சேமிக்க மறந்திருக்கிறேன். மாற்றினேன், விளக்கு பிழைத்தது. அக்கா தலையாட்டினாள். அவள் தலையாட்டுவதே பெரிய விஷயம். என் கடைசி மூன்று வேலைகளும் போன கதை அவளுக்குத் தெரியும். மூன்றையும் நானாக விட்டேன் என்றுதான் வெளியில் சொல்லிவருகிறோம்.

மார்ச் 7, வெள்ளி

மிச்சத்தை ஒவ்வொன்றாகச் செய்ய நான் என்ன கிறுக்கனா? செய்ய வேண்டிய படிகளைப் பதிவு செய்து, மொத்த ஃபோல்டரையும் காட்டி, பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் முடிந்திருந்தது. ஏற்றினேன். தளம் இரண்டு வினாடியில் திறக்கிறது!

சர்வரில் கிடக்கும் குண்டுப் படங்களை அழிக்கும்படி மாமாவிடம் சொன்னேன். தளத்தில் படம் ஏற்ற மட்டும்தான் எனக்கு அனுமதி. சர்வரின் கடவுச்சொல் அவர் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது, என் கையில் தர மாட்டார். சாயங்காலம் "அழிச்சாச்சு, அழிச்சாச்சு" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கோபம் போல. இருக்கட்டும்.

மார்ச் 8, சனி

இன்றும் இரண்டு வினாடி. நான் கெட்டிக்காரன்தான்.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு பெரிய ஹோட்டலுக்கு உள்ளலங்காரம் செய்யும் அம்மாள் அக்காவுக்குப் போன் செய்தார். அறைக்கு அறை நம் விளக்கு வைக்க நினைக்கிறாராம். அதற்கு முன்னால் சுவரளவு அச்சடித்து ஹோட்டல்காரர்களிடம் காட்ட வேண்டுமாம். நாற்பத்திரண்டு விளக்குகளின் பெரிய படங்களும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அக்கா என் மேஜைக்கே வந்து சொன்னாள். இப்படி ஓர் ஆர்டருக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள். அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

என் கம்ப்யூட்டரில் ஒரிஜினல் ஃபோல்டரைத் திறந்தேன். நூற்று நாற்பது கேபி. நூற்று முப்பத்தைந்து. நூற்று ஐம்பத்திரண்டு —

ஐயோ. வேற ஃபோல்டர்ல சேமின்னு நான் சொல்லவே இல்லையே! எல்லாம் அது மேலேயே சேமிச்சிருக்கு. பெருசு போச்சு. நாப்பத்திரண்டும் போச்சு. டீ குடிக்கப் போனியேடா, டீ!

மார்ச் 12, புதன்

சின்னதையே பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கு குளியலறைத் தரை மாதிரி கட்டம் கட்டமாக வந்தது. தூக்கி எறிந்த பிக்ஸல் எறிந்ததுதான், திரும்பி வராது.

போட்டோகிராபரைக் கேட்டேன். "பத்து நாள்தான் சார் வச்சிருப்பேன். கார்டைத் துடைச்சு மூணு கல்யாணம் எடுத்தாச்சு." மறுபடி எடுக்கவும் வழியில்லை. அக்கா கையால் செய்த விளக்குகள், ஒன்று போல இன்னொன்று கிடையாது. முக்கால்வாசி விற்றுப்போய் யார் யார் வீட்டிலோ எரிகின்றன.

"படம் அனுப்பிட்டியா?" என்றாள் அக்கா.

"ஏறிட்டிருக்குக்கா. பெரிய ஃபைல் இல்லையா."

வாய் கூசவே இல்லை. இந்த வேலையும் போனால் போகட்டும். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மாமாவிடம் திட்டு வாங்கிப் பழக்கம் இருக்கிறது. மதியம் ஸ்டோர் ரூமில் பல்பு அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"ஒரிஜினல் அத்தனையும் போச்சு மாமா. அக்காகிட்ட சொல்லணும், நீங்களும் கூட வாங்க."

கத்தப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மனிதர் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். அடிதான் என்று முடிவு செய்தேன்.

"நான் அன்னிக்கு அழிக்கல," என்றார்.

"என்னது?"

"மனசு வரலடா. ஒவ்வொண்ணா ஏத்த எனக்கு ஆறு நாள் ஆச்சு. நீ அதைப் பாத்து சிரிச்சே. சர்வர்லயே வேற இடத்துல ஒளிச்சு வச்சிட்டேன். உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவா."

சட்டைப்பையிலிருந்து சீட்டு வெளியே வந்தது. ஃபோல்டருக்கு 'குப்பை' என்று பெயர் வைத்திருக்கிறார். உள்ளே நாற்பத்திரண்டு. பதினாலு, பதினாலு, பதினாலு எம்பி.

அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"சரி சரி, பல்பை உடைச்சிடாதே," என்றார்.

மார்ச் 14, வெள்ளி

காலையிலேயே அனுப்பியாயிற்று. பிறகு அக்காவிடம் என் பங்கை மட்டும் சொன்னேன். மாமாவின் பங்கு அவர் பாடு. அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினாள். முடித்துவிட்டு, "போன மூணு வேலையிலயும் கடைசி வரைக்கும் நீ வாயே திறக்கல. இந்தத் தடவை நீயே வந்து சொல்லிட்டே" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

ஹோட்டல் ஆர்டர் உறுதியாகிவிட்டது. அத்தனை விளக்கையும் செய்ய உதவிக்கு அக்கா ஆள் தேடுகிறாள்.

தளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் மாமா தன் படத்தைத் தானே ஏற்றியிருக்கிறார். கேமராவிலிருந்து நேராக.

"அந்தப் பக்கம் மட்டும் ஏன்டா இவ்ளோ மெதுவா திறக்குது? பாரேன்," என்றாள் அக்கா.

"பாக்கறேன்க்கா."

பார்த்தேன். முதலில் வழுக்கை இறங்குகிறது, அப்புறம் கண்ணாடி, கடைசியில் சிரிப்பு. மொத்தம் பதினோரு வினாடி. நான் கை வைக்கப்போவதில்லை.