ஒரு மூச்சில் முடியாத வசனம்

ஜனவரி, செவ்வாய்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் கட்டில் ஐயா யாழ்ப்பாணத்தார், இங்கே லாசால் பகுதியில் இருப்பவர். தாதி பிரெஞ்சில் கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு "சா வா", சுகம்தான், என்றார். விரலில் மாட்டிய ஒட்சிசன் அளக்கும் கருவியும் தொண்ணூற்று நான்கு காட்டியது, பயப்படத் தேவையில்லாத அளவு. தாதி போய்விட்டார்.

தாதிப் பயிற்சிக்கு வந்த நான் போர்வையைச் சரிசெய்தபடி தமிழில் கேட்டேன்.

"ஐயா, வீட்டில ஆர் இருக்கினம்?"

"மகள்... இருக்கிறா பிள்ளை... அவ வேலைக்கு... போட்டா."

"சா வா" ஒரு மூச்சுக்குள் அடங்கிவிடும். தமிழ் வசனம் அடங்கவில்லை. அவருடைய உதட்டின் உட்புறம் சாம்பல் நிறமாக இருந்தது. எங்கள் நிறத் தோலில் அந்தக் கருவி கூட்டிக் காட்டலாம் என்று படித்திருக்கிறேன்.

தாதி தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். குறுக்கிடக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்றேன். அவர் முடித்த பிறகுதான் சொன்னேன்.

உடனே ஓடி வந்தார். மணிக்கட்டில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒட்சிசன் நன்றாகக் குறைந்திருந்தது. மூக்கில் குழாய் வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஐயா, "நீ சரியான வாயாடி பிள்ளை, என்னை இருந்து மூச்சுவிடவும் விடேல்லை!" என்றார். ஒரே மூச்சில் சொன்னார்.

என்னை வாயாடி என்று சொன்ன முதல் ஆள்.

தாதியும் பாராட்டினார். தொலைபேசிக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று அவர் கேட்கவில்லை.