நீலப்பருந்தின் கால்கள்

மார்ச் 3

பொட்டிக்காரருக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், துணைக்குத்தான் நாற்பது மாடல் பெட்டிகள் இருக்கின்றனவே. "அந்தப் பொட்டிங்களா, நானா?" என்று கேட்டேன். பெட்டிகளை வண்டியில் ஏற்றி, ஆபீஸ் பக்கத்தில் அறை பிடித்துவிட்டீர்கள். ஐந்து மாதம் ஆகிறது.

பரணில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். நீலப்பருந்து விண்கலம், துண்டுகளை ஒட்டிச் செய்கிற மாடல், சீல் பிரிக்காதது. பிரித்துவிட்டேன். ஒட்டியும் முடித்துவிட்டேன். முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

என்னைவிட அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆத்திரத்தில், அந்தக் கலம் வருகிற உங்கள் டிவி தொடரைப் போட்டேன். முப்பத்தாறு பாகமும் பார்த்தாயிற்று. அட்டையில் செய்த கலம், தகர டப்பா ரோபோ. ஆனால் அந்த எஞ்சின்காரி இருக்கிறாளே, கேப்டனையே "சும்மா இருய்யா" என்று அதட்டுகிறாள்! அவளுக்காகவே இன்னொரு தரம் பார்க்கலாம்.

ஒரு விஷயம். செய்முறைத் தாளில் கால்கள் தப்பு. நீளமான இரண்டையும் முன்னால் ஒட்டச் சொல்கிறான். நான் பல் செட்டு செய்கிறவள், பொருந்தாதது எனக்கு உடனே கண்ணில் உறுத்தும். அப்படி ஒட்டினால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். மூக்குக்கு அடியில் இருக்கிற கதவிலிருந்து இறங்க ஏணி வேண்டும். தொடரில் யாரும் ஏணி போட்டதில்லை. நான் பின்னால் வைத்து ஒட்டினேன். கச்சிதமாக நிற்கிறது.

இப்படிக்கு,
பல்லம்மா

மார்ச் 8

பல்லம்மா,

அடிப்பாவி! இருபத்திரண்டு வருடம் கத்தி படாமல் காப்பாற்றிய பெட்டி! சீல் பிரிக்காதது எங்கள் சேகரிப்பாளர் சங்கத்திலேயே வேறு யாரிடமும் கிடையாது. வெளியே தெரிந்தால் என் மானம் போய்விடும்.

கால் விஷயத்தில் வாயை விடாதே. கம்பெனிக்காரன் கண்ணை மூடிக்கொண்டா தாள் அச்சடித்தான்? ஆயிரக்கணக்கான பேர் ஒட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதாக்கும்.

எந்தப் பாகத்தில் பார்த்தாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பொட்டிக்காரன்

மார்ச் 13

பத்தொன்பதாம் பாகம், மணல் கிரகத்தில் இறங்குகிற இடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

பல்லம்மா

மார்ச் 20

அன்புள்ள பல்லம்மா,

பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. என் அலமாரியில் ஒட்டி வைத்திருக்கும் நீலப்பருந்து பன்னிரண்டு. பன்னிரண்டும் தப்பாக நிற்கின்றன.

எங்கள் சங்கத் தலைவர் கண் டாக்டர். அந்தப் பாகத்தை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் நாம என்னத்தய்யா பாத்தோம்? யாரு அந்தம்மா?" என்றார். "என் வீட்டுக்காரிதான்" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அடுத்த மாதக் கண்காட்சிக்கு உன் மாடல் வேண்டுமாம். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பெட்டிகளில் பாதியை விற்றுவிடுகிறேன். அப்படியே வீட்டுக்கு வந்துவிடட்டுமா?

பொட்டிக்காரன்

மார்ச் 25

அன்புள்ள பொட்டிக்காரருக்கு,

மாடலை வாங்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். டாக்டருக்கு எழுதிச் சங்கத்தில் நானே சேர்ந்துவிட்டேன். எனக்கென்று தனி மேஜை தருகிறார்கள்.

பெட்டி ஒன்றைக்கூட விற்காதீர்கள். எனக்கு அவற்றின் மேல் கோபமே இல்லை. தொடரைப் பார்த்து முடித்த பிறகுதான் அது எனக்கே விளங்கியது. பதினாறு வருடம் நீங்கள் உங்கள் அறைக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தீர்கள், கைதட்டினீர்கள். கூடத்தில் நான் பல் செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட என்னை உள்ளே கூப்பிட்டதில்லை. அதுதான் வலித்தது. அதைச் சொல்லத் தெரியாமல் பெட்டிகளோடு சண்டை போட்டேன்.

வீடு உங்களுடையதும்தான், தாராளமாக வரலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முதல் பாகத்திலிருந்து மறுபடி போடப்போகிறேன். தாமதமானால் நிறுத்தி வைக்கமாட்டேன்.

உங்களுக்கு வராது போலிருக்கிறது, நானே கூப்பிடுகிறேன்: "வாங்க, இப்படி உக்காருங்க, நீங்களும் பாருங்க."

உங்கள்,
பல்லம்மா