அலமாரியில் கிடக்கும் பெல்ட் மூடி

முவைலா, ஷார்ஜா
புதன்கிழமை காலை

அன்புள்ள முகிலனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, நீ வேறுவிதமாகக் கேள்விப்பட்டிருக்கிறாய் என்பதால் சொல்கிறேன். நீ அனுப்பிய, பனிமேல் ஓடும் உன் ஸ்னோமொபைலின் வீடியோவைப் பார்த்து நான் அழுதேன் என்றும், பிரஷர் ஏறிப் படுத்துவிட்டேன் என்றும், வண்டியை உடனே விற்கச் சொன்னேன் என்றும் உன் அக்கா நளினி உனக்குச் சொன்னாளாம். மூன்றும் நடக்கவில்லை. பிரஷரை நேற்றுத்தான் கீழே இருக்கும் ஃபார்மசியில் பார்த்தேன், சரியாக இருக்கிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எஞ்சின் பெல்ட்டின் மேல் இருக்கவேண்டிய மூடி எங்கே என்று கேட்டேன். அதற்குப் பதில் தெரியாமல் அவள் பயந்துபோய், அம்மா ரொம்ப பயந்துட்டாங்கடா என்று உன்னிடம் திருப்பிவிட்டிருக்கிறாள்.

இங்கே குளிர் வந்துவிட்டது, ஏசியை அணைத்துவிட்டோம், உங்களுக்கு இது குளிரே இல்லை என்பது தெரியும். மருமகள் மஹதிக்குக் கைவிரல் வெடிப்பு ஆறிவிட்டதா, நல்லெண்ணெய் தடவச் சொல். மாப்பிள்ளை விஜயபாஸ்கருக்கு ஜெபல் அலியில் டூட்டி நேரம் மாறிவிட்டது, விடியுமுன் கிளம்புகிறார். நேற்று ஷூ மாட்டிக்கொண்டே, என்ன அத்தை, பெல்ட்டைப் பார்த்ததும் நீங்க வேலை பார்த்த கேம்ப் ஞாபகம் வந்துடுச்சா, யல்லா, கிளம்புங்க, கனடாவுக்கு டிக்கெட் போட்டுடவா என்று கேலி செய்தார். டிக்கெட் வேண்டாம், வரும்போது நல்ல தாளாக வாங்கி வாருங்கள் என்றேன். அந்தத் தாளில்தான் எழுதுகிறேன். நளினி இதைப் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள். நீ சனிக்கிழமை மஹதியைப் பின்னால் உட்காரவைத்து, உறைந்த ஏரியைக் கடந்து, அவள் வேலைபார்க்கும் அக்கரை கிளினிக்குக்குப் போகப்போவதாகச் சொன்னாய். அதற்குமுன் நீ இதைப் படித்தாகவேண்டும்.

அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்தேன். வண்டி கிளம்பும்போது ஒருமுறை உதறுகிறது, பிறகு கிறீச் என்று ஒரு சத்தம். இடதுபக்கம் பெல்ட் ஓடும் இரண்டு புல்லிகளைச் சுற்றிலும் கறுப்புத் தூள். அந்தத் தூள் பெல்ட் தேய்ந்து உதிர்ந்தது. மூடியோ பின்னால் அலமாரியில் மல்லாந்து கிடக்கிறது, அதைத் தட்டுபோல வைத்து உன் கையுறையையும் ஸ்பேனரையும் அதற்குள் போட்டிருக்கிறாய். பழைய பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஹஸ்னைனிடமும் போட்டுக் காட்டினேன். பாபிஜி, கவர் கிதர் ஹை என்று அவரும் முதலில் அதைத்தான் கேட்டார். நளினி உன்னிடம் விசாரித்தபோது நீ சொன்ன பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா கவரைத் திறந்துதான்க்கா வச்சிருப்பாரு, பெல்ட் சூடாகாது என்றாயாம்.

உன் அப்பா ஒருநாளும் அப்படி வண்டி ஓட்டவிட்டதில்லை. பாலைவனச் சுற்றுலாக் கேம்ப்பில், மணலில் ஓட்டும் நான்குசக்கர குவாட் பைக்குகள் முழுவதும் அவர் பொறுப்பு, ஸ்டோர் என் பொறுப்பு. நீ பள்ளிக்கூடம் விட்டு அங்கே வரும்போது சுற்றுலாக்காரர்கள் போயிருப்பார்கள். வண்டிகள் வரிசையாக மூடி கழற்றி நிற்கும், அப்போது அங்கே மெக்கானிக்காக இருந்த ஹஸ்னைன் உள்ளே புகுந்த மணலைக் காற்றடித்து வெளியேற்றிக்கொண்டிருப்பார். நீ பார்த்தது நிற்கும் வண்டியை. ஓடும் வண்டியை நீ பார்க்கவில்லை. வண்டியின் சாவியை என்னிடம் கொடுத்த பிறகுதான் மூடியைக் கழற்றலாம், மூடியை மாட்டி நான் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி திரும்பக் கிடைக்கும். அது அவர் போட்ட சட்டம். அவரே அவசரமாக வந்து கைநீட்டினாலும் நான் எழுந்துபோய்ப் பார்க்காமல் கொடுத்ததில்லை. ஒருமுறை மேட்டில் ஏறும்போது ஒரு சுற்றுலாக்காரரின் வண்டியில் பெல்ட் வெடித்தது. அவர் சிரித்துக்கொண்டே நடந்துவந்து வேறு வண்டி கேட்டார். ஹஸ்னைன் அந்த மூடியைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். கணுக்கால் இருக்கும் உயரத்தில் உள்ளிருந்து பிளந்திருந்தது. உன் வண்டியிலும் பெல்ட் சுற்றுவது உன் இடதுகாலுக்குப் பக்கத்தில்தான்.

சூடு ஆவதற்கு மூடி காரணமில்லை முகிலா. பெல்ட் தேய்ந்து வழுக்கினால் சூடாகும், பின்னால் சுற்றும் ரப்பர் ட்ராக் பனியில் ஒட்டி உறைந்திருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சூடாகும். எப்போதும் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் ஆறியபின் பெல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் வளைத்துப் பார். விரிசலோ, ஓரத்தில் நூலோ, கண்ணாடிபோல் பளபளப்போ இருந்தால் அதை மறுபடி மாட்டாதே. புதிது வாங்கும்போது வண்டியின் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கு, பெல்ட்டில் அம்பு இருந்தால் அது ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். புல்லியின் முகங்களைச் சுத்தமான துணியால் துடை, அங்கே ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. செயின் இருக்கும் பெட்டிக்குள் ஆயில் அளவைப் பார், கருகிய வாடையோ இரும்புத் துகளோ இருந்தால் தெரிந்தவரிடம் காட்டு. ட்ராக்கை அதிகம் இறுக்காதே, தொளதொளவென்றும் விடாதே, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வை. கிளம்புமுன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு ட்ராக்கை விடுவித்துவிட்டு, கொஞ்ச தூரம் மெதுவாகப் போ, இறுகிப்போன பெல்ட் இளகட்டும். புதிய பெல்ட் ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும். ஏரி நடுவில் ஃபோன் எடுக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தக் குளிரில் நீ நடந்து கரைசேரலாம், மஹதிக்குக் காலில் அடிபட்டால் யார் தூக்குவது?

விற்கச் சொல்லமாட்டேன். பழைய வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த வீட்டில் பிறந்தவன் நீ. ஆனால் அப்பா பெயரைச் சொல்லித் தப்பாகச் செய்வதை நான் இருக்கும்வரை பொறுக்கமாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், கைகால் சுகத்தோடு, அந்த ஏரியைப் போகவர நல்லபடியாகக் கடக்க முருகன் துணையிருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே.

நேற்றிலிருந்து வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பாய். தேடாதே, மஹதி எடுத்து வைத்திருக்கிறாள். நான் சொல்லித்தான் எடுத்தாள், இன்னொரு சாவியும் அவளிடம்தான் இருக்கிறது, அவளிடம் சண்டைக்குப் போகாதே. கட்டைவிரல் படமும் வாய்ஸ் மெசேஜும் எனக்கு வேண்டாம். கேட்டதற்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லவேண்டும் என்று என் பள்ளிக்கூடக் கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், நான் உனக்கும் கற்றுக்கொடுத்தேன். பெல்ட் எப்படி இருந்தது, என்ன செய்தாய், மூடியை மாட்டினாயா என்று உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. படித்துவிட்டு மஹதியைக் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
நாகவள்ளி கோபாலசாமி