தெரிஞ்சவர் தோட்டம்

அனுமந்தன்பட்டி

அன்பு மகள் உமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி சண்முகராஜ் மூவரும் சுகம். நீயும் மருமகனும் குழந்தையும் துபாய் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும்.

நம் குடும்ப வரலாற்றில் முக்கியமான முடிவொன்று போன மாதம் எடுக்கப்பட்டது. திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமை இனி எல்லோரும் ஆபீஸ் என்றே சொல்ல வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் பூஜையும் போட்டோம். ஒன்றில் அப்பா உட்கார்ந்து தன் அனுபவத்தையெல்லாம் மற்றதில் உட்காரும் சண்முகராஜுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. சென்னை வேலையை விட்டு வந்திருக்கிறான், இந்தக் காய்ப்பு அவன் பொறுப்பு, நன்றாக வந்தால் இங்கேயே இருப்பான், இல்லையென்றால் பழைய கம்பெனிக்கே போய்விடுவான் என்று பேச்சு. முதல் நாளே அவன், கொடியை வெட்டிக் கவாத்து முடிந்துவிட்டதே, மொட்டு விட எவ்வளவு மருந்து அடிக்கணும்ப்பா என்று கேட்டான். அப்பா ரொம்ப நேரம் கொடியைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் பாக்கப் பாக்கத் தானாத் தெரியும்லே என்றார். அறிவு கைமாறிவிட்டதால் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அப்பாவுக்கும் அது தானாகத் தெரிந்ததில்லை. வருஷா வருஷம் மருந்துக்கடை ஒச்சாண்டியிடம் போய், தெரிஞ்சவர் தோட்டத்துக்கு என்று சொல்லி அளவு கேட்டு வருவார். நம் ஊரில் தன் கொடிக்கு மருந்து கேட்கிற சம்சாரி கிடையாது, எல்லோரும் தெரிஞ்சவருக்காகத்தான் கேட்பார்கள். யாரும் சொல்லித்தராமல் தம்பி முழுசாகக் கற்றுக்கொண்ட தொழில் நுணுக்கம் இது ஒன்றுதான். அவனும் தெரிஞ்சவருக்காகக் கேட்டு வந்து, அப்பா கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து அடித்துவிட்டு மூச்சு விடவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையே, சொன்னால் முகம் வாடிப்போவானே என்று அப்பாவும் கேட்டு வந்து, அவன் தேனிக்குப் போன அன்று அதே கொடிக்கு அதே மருந்தை அடித்தார். சில நாளில் மொட்டெல்லாம் கருகியது. பனி என்றார் அப்பா, பனிதான் என்றான் தம்பி.

சந்தையில் ஒச்சாண்டி என்னைப் பார்த்து, என்ன மதினி, அந்தத் தெரிஞ்சவர் தோட்டம் எப்பிடி இருக்கு, அண்ணனும் வந்து கேட்டாக, தம்பியும் வந்து கேட்டுச்சு, ரொம்பக் கொடுத்து வச்ச மனுசன் போல என்றார். ஆபீஸுக்குப் போய் இருவரிடமும் சொன்னேன். அப்பா, என்னையக் கேட்டிருக்கலாம்லடா என்றார். கேட்டேன்லப்பா என்றான் அவன்.

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தால் நீயும் மருமகனும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுக் கொடுங்கள். முருங்கைப் பொடி அனுப்பியிருக்கிறேன், காற்றுப் படாமல் வை. மூவரும் நிறைந்த ஆயுசோடு இருங்கள்.

இப்படிக்கு, உன் அம்மா
கஸ்தூரியம்மாள்

பி.கு.: தம்பி திங்கட்கிழமை சென்னைக்குப் புறப்படுகிறான்.