வயிறும் கிட்டாரும்

பிப்ரவரி 9

ஒத்திகையில் இன்று விரல் தடுமாறியது. அதுவும் செபேனில். பாட்டு அடங்கி ஆட்டம் சூடு பிடிக்கும் அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் குழுவில் முதன்மைக் கிட்டாருக்கு என்னை வைத்திருக்கிறார்கள். அங்கே தடுமாறினால் எனக்கு அங்கே என்ன வேலை?

ஆறாம் மாதம். வயிறு கிட்டாரை முன்னால் தள்ளுகிறது. கிட்டாரின் கழுத்து என்னை விட்டு விலகுகிறது, இடது மணிக்கட்டு மடங்குகிறது. மடங்கிய மணிக்கட்டில் வேகம் எங்கிருந்து வரும்?

தாளக் கிட்டார் வாசிக்கும் பிளமெதி கவனித்துவிட்டான். "என்னக்கா, உள்ள இருக்கிறவரு வேற தாளம் போடுறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 12

என் சிவப்புக் கிட்டார் இரட்டைக் கொம்பு; கழுத்தின் இருபக்கமும் உடல் கொம்பு போல நீண்டிருக்கும். கை சாய முன்விளிம்பைச் சரித்திருக்கிறார்கள். வயிறு பதியப் பின்பக்கத்தைக் குடைந்திருக்கிறார்கள். இதைவிடச் சொகுசான உடல் கிடையாது என்பார்கள். குடைந்தவன் மனத்தில் இருந்த வயிறு என் வயிறு இல்லை.

தோள்வாரை ஏற்றினேன், இறக்கினேன். ஏற்றினால் மூச்சு முட்டுகிறது. இறக்கினால் மணிக்கட்டு.

பிப்ரவரி 20

மாதொங்கே பேட்டையில் ஒரு கிட்டார்க் கடையில் தட்டைப் பலகை மாதிரி ஒன்றை வாசித்துப் பார்த்தேன். சத்தம் கண்ணாடிச் சில்லு போல, செபேனுக்கென்றே செய்தது. ஆனால் விளிம்பு முன்கையை அறுக்கிறது. கீழ்விளிம்பு குழந்தையைக் குத்த, அது பதிலுக்கு உதைத்தது.

அடுத்து, தேவாலயத்தில் வாசிக்கும் ஒருவரின் ஒற்றைக் கொம்புக் கிட்டார். முன்பக்கம் ரொட்டி போல உப்பியிருப்பதால் கைக்கு இதம். கனம்தான் இடுப்பை ஒடித்துவிட்டது. உச்ச ஸ்வரங்கள் இருக்கும் மேல்கட்டைகளுக்கு விரலை நீட்டினால் கழுத்தின் அடிக்கட்டை உள்ளங்கையில் முட்டுகிறது. என் வாசிப்பில் பாதிக்கு மேல் அந்த மேல்கட்டைகளில்தான். அதுவும் ஆகாது.

மார்ச் 1

என் கணவர் முலும்பா தன்னோடு வேலை பார்க்கும் லந்துவிடமிருந்து ஒன்று வாங்கி வந்தார். கறுப்பு; அம்புமுனை மாதிரி 'வி' வடிவம். லந்து ஹெவி மெட்டல் என்ற கூச்சல் பாட்டு வாசிப்பவர்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ கபிங்கா, இது பிசாசோட கிட்டாராச்சே! பிள்ளைத்தாச்சி இதையெல்லாம் தொடலாமா?"

முலும்பா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பிசாசுக்கு இடுப்புவலி இருந்திருக்கும்போல, அக்கா. நல்லாத்தான் யோசிச்சுச் செஞ்சிருக்கு."

உட்கார்ந்து, பிளவை வலது தொடையில் மாட்டிக்கொண்டேன். கழுத்து தானாக மேலே சாய்ந்து நின்றது. மணிக்கட்டு நேரானது. கடைசி மேல்கட்டை வரை விரலைத் தடுக்க ஒன்றுமில்லை. வயிறு தன் இடத்தில், கிட்டார் தன் இடத்தில்.

மாதக்கணக்கில் வராத வேகம் வந்தது!

எழுந்து நின்றேன். கழுத்து தலைகுப்புறத் தொங்கிவிட்டது. நிற்பதற்கு இது லாயக்கில்லை. உட்கார்ந்தால் மட்டும்.

மார்ச் 4

உட்கார்ந்து வாசிக்கலாமா என்று குழுத்தலைவர் லுசாலா அண்ணனிடம் கேட்டேன்.

"உக்காந்தா? நம்ம ஆர்க்கெஸ்ட்ராவுலயா? ஜனங்க பாக்கத்தான்மா வருது. ஒரு பொம்பளை நின்னு ஆடிக்கிட்டே வாசிக்கிறதை!"

இரவெல்லாம் அதே நினைப்பு. சிவப்புக் கிட்டாரை வாங்கித் தந்தவர் அவர்தான். விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும் என்றார். கைக்கு ஒத்துவருகிறதா என்று அவர் கேட்கவில்லை. சரி, நான் கேட்டேனா? இத்தனை வருஷம் வாசித்தும் இப்போதுதான் முதல்முறையாக என் உடம்பைக் கேட்டு ஒரு கிட்டாரை எடுத்திருக்கிறேன்.

மார்ச் 21

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். லெம்பா பேட்டையில் நடக்கப்போகும் கல்யாணத்தில் பிளமெதி முன்னால் நின்று, வாசிப்பதுபோல ஆட வேண்டுமாம். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமாம்.

என் விரல், அவன் முகம்! இதற்குப் போகாமலே இருந்துவிடலாம். போகாவிட்டால் என் இடம் பிளமெதிக்கு. அவன் காத்திருப்பதும் அதற்குத்தானே என்று நினைத்தேன்.

பிளமெதி கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான். "அக்கா வாசிப்பாங்க, நான் பல்லைக் காட்டிக்கிட்டு ஆடணுமா? நாளைக்கு எவனாவது தனியா வாசிடான்னா என் மூஞ்சியை எங்கண்ணே வச்சுக்குறது? என்னால முடியாது."

"அப்ப யாருடா முன்னால நிப்பா?"

"யாரும் நிக்க வேணாம். உக்காரட்டும்."

அண்ணன் வெளியே போய்விட்டார். அவனுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "உங்களுக்காக இல்லக்கா" என்றான். நம்புகிறேன். அதனால்தான் அவனைப் பிடித்தது.

ஏப்ரல் 6

லெம்பா கல்யாணம். மழை நின்ற மத்தியானம். பிளமெதி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில் போட்டான். அண்ணன் முறைத்தார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

கறுப்புக் கிட்டாரோடு அதில் உட்கார்ந்தேன். முதல் பாட்டில் பாதிப் பேர் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். செபேன் தொடங்கியது. பிளமெதி கீழே தாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் மேல்கட்டைக்கு ஏறினேன். கொஞ்ச நேரத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஆடினாள்.

அண்ணன் மைக்கை மறந்து நின்றார். பிறகு டிரம்ஸ்காரரைப் பார்த்து, இன்னும் வேகம் என்று கை காட்டினார்.

மே 17

பெண். இருவரும் நலம். தூக்கம், தூக்கம், தூக்கம்.

ஜூலை 14

லுசாலா அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தார். மரவள்ளி மாவை இலையில் கட்டி அவித்த சிக்வாங் ஒரு கூடை, குழந்தைக்குத் தொப்பி. நான் இல்லாத நாளில் பிளமெதி வாசித்த செபேனைப் போனில் போட்டுக் காட்டினார். நன்றாக வாசிக்கிறான். நான் போகாத ஓர் இடத்துக்குப் போய்த் திரும்புகிறான். திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன்.

"நீ வந்ததும் பழைய இடத்துக்கே போயிடறேங்கிறான்" என்றார்.

"வேணாம்ண்ணே. ரெண்டு பேரும் முன்னால வாசிக்கிறோம். நான் விடுற இடத்துல அவன் எடுக்கட்டும்."

அவர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஏம்மா, அப்ப தாளக் கிட்டாருக்கு ஒரு ஆளு பாக்கணுமே. உனக்கு யாரையாவது தெரியுமா?"